நிழற்படம் உலர்த்தல்

இருட்டறையில் நிழற்படம் உருப்பெறும் வேளையைப் புகழாதார் இலர். செவ்விளக்கின் ஒளியில் வெறுந்தாளின்மேல் முகமொன்று மெல்ல மெல்லத் தோன்றுவதைக் கண்டு வியவாதார் யார்? ஆயின், அப்படம் நீரினின்று எடுக்கப்பட்டு உலருங்கால் அதற்கு நேரும் இடையூறுகளை எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலரே. எமது கல்லூரி இருட்டறையிற் பயின்ற அளவில், நல்ல படங்கள் பெரும்பாலும் கெடுவது இருளில் அன்று, உலர்த்தும் இடத்திலேயே என்பது எமது துணிபு.

பழைய முறைத் தாள் மூன்று படலம் உடையது. அடியில் காகிதம், அதன்மேல் பேரியம் சல்பேட்டு என்னும் வெண்பூச்சு, அதற்கும் மேலே வெள்ளித் துகள்களைத் தாங்கி நிற்கும் ஜெலட்டின். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசையே இது. 1871ஆம் ஆண்டில் ரிச்சர்டு லீச் மேடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் வெள்ளியுப்பை இப்பசையோடு கலந்து கண்ணாடித் தட்டிற் பூசும் முறையை வெளியிட்டார். அதுதொட்டு நிழற்படக் கலை நெடுங்காலம் இதனையே பற்றி நின்றது. நீரிற் கிடக்குங்கால் ஜெலட்டின் பருத்து மென்மையுறும். உலருங்கால் காகிதத்தினும் மிகுதியாகச் சுருங்கும். ஆதலின், படம் தன் முகத்தை உள்ளே மறைத்துக்கொண்டு வளைகின்றது. காற்று எவ்வளவுக்கு வறண்டதோ அவ்வளவுக்கு வளைவும் மிகும். 1970களிற் பரவிய பிளாஸ்டிக் பூச்சுத் தாளிலோ நீர் காகிதத்தினுட் புகாது. ஈரத்தை ஒற்றியெடுத்துக் கயிற்றிலே தொங்கவிட்டாற் போதும். அதனைப் பற்றி மிகுத்துரைக்க வேண்டுவதில்லை.

உலர்த்துமுன் கழுவுதல் முற்றுப்பெறல் வேண்டும். வெள்ளியுப்பைக் கரைக்கும் ஹைப்போவின் இயல்பை ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டறிந்தார். அது இன்றேல் படம் நிலைபெறாது. அதுவே தாளின் நாரிடையே எஞ்சி நிற்குமாயின், நாளடைவிற் படத்தை மஞ்சளாக்கி அழிக்கும். அரைகுறையாய்க் கழுவிய படம் தான் கெடுவதோடு அமையாது, தான் கிடந்த ஒற்றுத்தாளையும் கெடுத்து, பின்னர் அதன்மேல் வைக்கப்படும் படங்களையும் கெடுக்கும்.

கழுவிய படத்தைச் சாய்த்து வைத்த கண்ணாடியின்மேல் இட்டு, ரப்பர்த் தகட்டால் நீரை மெல்ல வழித்துவிடுக. நனைந்த ஜெலட்டினில் நகம் பட்டாலும் வடுவாகும். பின்னர், மரச்சட்டத்திற் கட்டிய தூய நைலான் வலையின்மேல் படத்தை முகங்கவிழ வைத்து, தானே உலரும்படி விட்டுவிடுக. பொறாதார் மின்விசிறியை முடுக்குவர். ஓரம் முன்னும் நடு பின்னுமாக உலர்ந்து, படம் அலையலையாய் நெளியும். சிலர் செய்தித்தாளை விரிப்பர்; அன்றைய செய்தி தம் படத்தின்மேலும் அச்சேறுவதை விரும்புவார்க்கு அம்முறை பொருந்தும்.

உலர்ந்த படம் சிறிது வளைந்தே இருக்கும். அதனைக் கையால் எதிர்ப்புறம் வளைத்து நிமிர்த்தலாகாது. ஜெலட்டின் கண்ணாடிபோல் விரிசலுறும். தூய அட்டைகளின் நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி இரண்டொரு நாள் விடுதலே நன்று. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இதற்கு மிகவும் ஏற்றதென்பதைத் தமிழ் மாணவராகிய யாம் நாணத்தோடு தெரிவித்துக்கொள்கின்றோம். இஸ்திரிப் பெட்டியை நாடுவோர், படம் முற்றும் உலர்ந்த பின்னரே, அட்டையை இடையிட்டு, குறைந்த சூட்டில் தேய்த்தல் வேண்டும். ஈரமுள்ள ஜெலட்டின் சூட்டில் இளகி, தொட்டதனோடு ஒட்டிக்கொள்ளும்.

இவற்றின் பயன் எமக்கு விளங்கியது ஒரு பழஞ்சுருளால். திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த எம் வகுப்பு நண்பர் ஒருவர் அதனைத் தகரக் குழாயில் வைத்துக் கொணர்ந்தார். 1947ஆம் ஆண்டு அசனப் பண்டிகையன்று அவ்வூர்ச் சபையார் ஆலயத்தின்முன் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. நண்பருடைய பாட்டியார் கைக்குழந்தையாய் இருக்கும்போதே தம் தாயை இழந்தவர். அத்தாயின் உருவம் வேறெந்தப் படத்திலும் இல்லை. சுருளின் புறத்தே நின்றோர் பெயரெல்லாம் பென்சிலால் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பெயர் வெளியே, முகம் உள்ளே! முன்னொரு நாள் விரிக்க முயன்றபோது 'படார்' என்னும் ஓசை கேட்க, அஞ்சி விட்டுவிட்டனராம். அதே படத்தின் மற்றொரு பிரதியை வேறொரு வீட்டார் ஒரு கடையிற் கொடுத்துச் சூடேற்றி நிமிர்த்தச் செய்ததில், அது குறுக்கே பலவாறு பிளந்துபோயிற்று என்றும் நண்பர் சொன்னார்.

நீரால் மென்மையுறும் பசையை ஈரக்காற்றாலேயே இணக்குதல் தக்கதெனத் தெளிந்தோம். மூடியுடைய அகன்ற பெட்டியொன்றின் அடியில் நனைந்த ஒற்றுத்தாளைப் பரப்பி, அதன்மேல் உயரமான வலைத்தட்டொன்றை அமைத்து, சுருளை நீர் தொடாவண்ணம் அத்தட்டில் வைத்தோம். மூடியிற் சேரும் நீர்த்துளி படத்தின்மேல் வீழாதபடி, அதன் உட்புறத்தில் துணி கட்டினோம். அரைமணிக்கு ஒருமுறை திறந்து பார்த்தோம். ஈரம் மிகுந்தால் ஜெலட்டின் பிசுபிசுக்கும் என்னும் அச்சம் எம்மை விட்டபாடில்லை. முதல் இரண்டு மணிநேரம் யாதொரு மாறுதலும் இல்லை. ஆறாவது மணியளவில், எவரும் தொடாமலே, சுருளின் வெளிவிளிம்பு தாழ்ந்து தட்டிற் படிந்தது. நண்பர் பேசவில்லை. சிறிது சிறிதாக விரித்து, ஒட்டாத பாலியெஸ்டர்ப் படலத்தை முகத்தின்மேல் இட்டு, ஒற்றுத்தாள்களின் நடுவே வைத்து, மேலே அட்டையும் பேரகராதியின் இரு தொகுதிகளும் ஏற்றினோம். ஒருமணி கழித்து ஒற்றுத்தாளை மாற்றினோம், மறுநாளும் மாற்றினோம், ஒரு வாரம் அப்படியே விட்டோம். பழைய விரிசலொன்று ஆலயக் கோபுரத்தின்மேல் இருக்கின்றது. முகங்களில் ஒன்றும் இல்லை.

நண்பர் அதனை விடுமுறையில் ஊருக்குக் கொண்டுசென்றார். பாட்டியார் பெயர்வரிசையை எண்ணி, மூன்றாம் வரிசையிற் கண்டுகொண்டாராம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "என் காது அம்மா காதுதாம்ல" என்று மட்டும் சொன்னாராம்.

அதனைச் சட்டமிட வேண்டுமென்று இப்பொழுது எழுதியிருக்கின்றார்கள். படத்தின் முகம் கண்ணாடியைத் தொடலாகாது. மழைக்காலத்தில் ஜெலட்டின் அதனோடு ஒட்டிக்கொள்ளும். ஆதலின், இடையே அட்டை விளிம்பு ஒன்று கட்டாயம் வைக்குமாறு விடை எழுதியுள்ளோம்.