22 வளைவுகளுக்கு அப்பால்

பொன்முடியின் தேயிலைத் தோட்டப் பாதைகள் சைக்கிளுக்காகவே போட்டவை போலிருக்கின்றன. ஆனால் அந்த அமைதிக்கு வேறு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்லாறு சோதனைச் சாவடியில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கார்கள், வேன்கள், இரண்டு பேர் மூன்று பேராக மோட்டார் சைக்கிள்கள். வனத்துறைக்குக் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கியவுடன் எல்லா வண்டிகளும் ஒரே மூச்சில் மலையேறக் கிளம்புகின்றன. அங்கிருந்து உச்சிவரை 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் சத்தம். கீழே கல்லாற்றின் உருண்டைக் கற்களில் தண்ணீர் ஓடும் ஓசை அதில் காணாமல் போகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தூரத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொன்முடி. நெடுமங்காடு, விதுரா வழியாக இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். கடற்கரை நகரத்தில் வியர்வையில் எழுந்தவர் மத்தியானச் சாப்பாட்டை மூடுபனியில் சாப்பிடலாம். இந்த வசதிதான் பொன்முடியின் புகழுக்குக் காரணம். அதன் தொல்லைக்கும் அதுவே காரணம். மலைக்கு ஒரே தார்ச்சாலை. 2022-ல் மழையில் மண் சரிந்து 12-வது வளைவுக்கு அருகே சாலை உடைந்தபோது பொன்முடி மாதக்கணக்கில் வெளியாட்களுக்கு மூடிக் கிடந்தது.

அந்தச் சாலையில் சைக்கிள் மிதித்து ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்துச் சைக்கிள்காரர்களுக்கு பொன்முடி ஏற்றம் ஒரு பரீட்சை மாதிரி. விதுரா வரை ரப்பர் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் இடையே மேடும் பள்ளமுமாகப் போகும் சாலை, கல்லாற்றுக்குப் பிறகு விடாமல் ஏறுகிறது. கால்கள் தாங்கினாலும் பின்னால் உறுமும் வண்டிகள் பொறுமையைச் சோதிக்கும். இறங்கும்போது அபாயம் இன்னும் அதிகம். வளைவில் எதிரே வருகிற பஸ்ஸுக்கு முழுச் சாலையும் வேண்டியிருக்கிறது.

தாரை விட்டு விலகினால் உலகமே வேறு. இந்த மலையில் தேயிலை பயிரிட்ட காலத்தில் தோட்டத்துக்குள் சரளைப் பாதைகள் போட்டார்கள். கொழுந்து மூட்டைகள் தொழிற்சாலைக்குப் போகவும், ஆட்கள் லயங்களிலிருந்து வேலைக்குப் போகவும் ஏற்பட்டவை அவை. மலையைச் செங்குத்தாக வெட்டாமல் அதன் விலாவைத் தழுவிக்கொண்டே போகின்றன. அகலமான டயர் போட்ட சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான பாதை கிடைப்பது கடினம்.

மேல்நாடுகளில் இப்படிப்பட்ட பாதைகளுக்காகவே தனி ரகச் சைக்கிள் வந்துவிட்டது. பந்தய சைக்கிளின் வளைந்த கைப்பிடி, மலை சைக்கிளுக்குச் சற்றே குறைந்த தடிமனில் டயர். பெயர் 'கிராவல்' சைக்கிள். 2022-ல் இத்தாலியில் இதற்கு முதல் உலக சாம்பியன்ஷிப் போட்டியே நடந்தது. மத்திய தரைக்கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்கா தீவில், ரயில் நின்றுபோன ஒரு தடத்தை மனாகோர் ஊரிலிருந்து அர்தா ஊர் வரை 29 கி.மீ. நீளத்துக்கு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமாக மாற்றியிருக்கிறார்கள். அதில் கார் போக முடியாது. பக்கத்துத் தீவான மெனோர்காவில், ஒரு காலத்தில் குதிரைக் காவலர்கள் கடற்கரையைச் சுற்றி ரோந்து போன 185 கி.மீ. பாதை சீர்செய்யப்பட்டு 2010-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வேறு காரியத்துக்காகப் போட்ட பழைய பாதைக்குப் புதிய வேலை கொடுத்திருப்பதுதான் இரண்டிலும் பொதுவான விஷயம்.

பொன்முடிக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டிகள் இங்கே நடந்தன. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் வழிகளில் ஒன்றாக இருந்ததால், பல நாட்டு வீரர்கள் வந்து தேயிலைச் சரிவுகளில் பாய்ந்து இறங்கினார்கள். சைக்கிள் என்றால் பால்காரரையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் மட்டுமே பார்த்துப் பழகிய தோட்டத்து ஜனங்களுக்கு அது நல்ல வேடிக்கை. போட்டி நான்கு நாளில் முடிந்தது. பந்தயத் தடம் வேறு, சாதாரண மனிதர் குடும்பத்தோடு போகும் சைக்கிள் பாதை வேறு. இரண்டாவது வகை இன்னும் வரவில்லை.

வராததற்கு நியாயமான காரணங்களும் உண்டு. தோட்டத்துப் பாதைகள் பொதுச் சொத்து அல்ல. உள்ளே போக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நிலமும் சாதாரண நிலம் அல்ல. விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்துக்காக பொன்முடித் தோட்டத்தில் நிலம் வாங்கப்பட்டபோது, அது 2003-ம் ஆண்டின் கேரளச் சட்டப்படி சூழலியல் ரீதியாக நலிந்த வனநிலம்தானா என்ற சர்ச்சை கிளம்பியது. கடைசியில் அந்த நிறுவனம் நெடுமங்காட்டுக்கு அருகே வலியமலையில் அமைந்தது. விண்வெளி ஆராய்ச்சிக்கே இடம் தர யோசித்த மலை இது.

யோசிக்கத்தான் வேண்டும். பொன்முடியைச் சுற்றியிருப்பது அகத்தியமலைக் காடு. 2001-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்திலேயே பேப்பாறை வனவிலங்கு சரணாலயம். வரையாடுகள் மேயும் பாறை முகடுகள் இங்கே உண்டு. யானைகள் கல்லாறு சாலைக்கே வருகின்றன. ஒரு சிறு தவளைக்கு விஞ்ஞானிகள் பொன்முடியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி யாரும் நுழைய முடியாது. சைக்கிள் புகை விடாது, சத்தம் போடாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் வளைவில் சத்தமில்லாமல் வந்து நிற்கும் சைக்கிளைக் கண்டு யானை மிரண்டால், ஓட வழியிருக்காது.

வண்டியே இல்லாத பாதை எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் போனக்காட்டுக்குப் போகலாம். விதுராவிலிருந்து பிரியும் சாலை, வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டி அங்கே ஏறுகிறது. அகத்தியர்கூட யாத்திரை தொடங்குவதும் இங்கிருந்துதான். வெள்ளைக்காரர்கள் காலத்துத் தேயிலைத் தோட்டம். தொழிற்சாலை பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல்கள் உடைந்து, துருப்பிடித்த இயந்திரங்கள் உள்ளே தெரிகின்றன. செடிகள் கவாத்து இல்லாமல் மரமாக வளர்ந்து நிற்கின்றன. பாதையில் கல்லும் காற்றும் பறவைச் சத்தமும்தான். சைக்கிள்காரர் கனவு காணும் இடம்.

ஆனால் அந்த லயங்களில் இன்னும் மனிதர்கள் இருக்கிறார்கள். பலரும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பத்தினர். தோட்டம் நொடித்தபோது சம்பளமும் நின்றது, சலுகைகளும் நின்றன. லாரி வராததால்தான் பாதை அமைதியாக இருக்கிறது. லாரி வராததால்தான் அடுப்பும் அமைதியாக இருந்தது. குண்டும் குழியுமான சாலை விருந்தாளிக்குச் சாகசம். பிரசவ வலி எடுத்த பெண்ணை விதுராவுக்குக் கொண்டு போகிறவருக்கு அது சாகசம் அல்ல.

எனவே பொன்முடியில் சைக்கிள் பாதை என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு மலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் வண்டி அதிகம், மற்றொன்றில் வாழ்க்கை குறைவு. நடுவழி இல்லாமல் இல்லை. மும்பைக்கு அருகே மாதேரான் மலையில் வெளியூர்க் கார்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. கல்லாற்றில் சாவடி ஏற்கெனவே இருக்கிறது. அரசு பஸ்ஸும் மலைக்கு ஓடுகிறது. மாதத்தில் ஒரு நாள் காலையில் மட்டும் கார்களை நிறுத்தி, பஸ்ஸையும் சைக்கிளையும் விட்டுப் பார்ப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. தோட்டப் பாதைகளைத் திறந்தால், வழிகாட்டியாகவும் சைக்கிள் பழுது பார்ப்பவராகவும் டீக்கடை நடத்துபவராகவும் லயத்து இளைஞர்களுக்கு முதல் உரிமை தரலாம். பாதையை அறிந்தவர்களும் யானையின் நடமாட்டத்தை அறிந்தவர்களும் அவர்கள்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இந்த மலையை விடுவதில்லை. மழையில் சரளை வழுக்கும், அட்டை கடிக்கும். கிளம்புமுன் சாலை திறந்திருக்கிறதா என்று விசாரிப்பது உத்தமம். சனி, ஞாயிறைத் தவிர்த்து ஒரு புதன்கிழமை போனால், சில வளைவுகளில் கல்லாற்றின் ஓசையே கேட்கும்.