குற்றாலத்துக் கிராம்பும் மத்தளம்பாறைக் கம்ப்யூட்டரும்

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் பேரருவிக்குப் போகும் சாலையில் பழக்கடைகள் முளைத்துவிடும். மங்குஸ்தான், ரம்புட்டான், எப்போதாவது ஒரு துரியன். அருவியில் நின்று உதடு நீலம் பாரித்து வெளியே வந்ததும், மங்குஸ்தானை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தி உடைப்போம். ஊதாத் தோலின் சாறு பனியனில் பட்டால் கறை போகவே போகாது. வீட்டில் வசவு நிச்சயம். அது மலேயாப் பக்கத்து மரம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அருவியைப் போல, குரங்கைப் போல, அதுவும் எங்கள் மலைக்கே சொந்தம் என்றுதான் நினைத்திருந்தோம்.

உண்மையில் அந்த மலையடிவாரம் ஒரு காலத்தில் உலக வியாபாரப் போட்டியின் சோதனைக்களமாக இருந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் நறுமணப் பயிர்த் தோட்டம் போட்டது. இந்தியாவில் கிராம்பு முதலில் வேரூன்றியது 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்தத் தோட்டத்தில்தான். ஜாதிக்காயும் கூடவே வந்தது.

ஏன் இங்கே? கிராம்பும் ஜாதிக்காயும் அதுவரை இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளில் டச்சுக்காரர் பிடியில் இருந்தன. விலை இறங்கக் கூடாது என்று, அம்போய்னாத் தீவுக்கு வெளியே நின்ற கிராம்பு மரங்களை அவர்கள் தேடித்தேடி வெட்டினார்கள். 1770-இல் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் நாற்றுகளைக் கடத்தி மொரீஷியஸில் நட்டார். 1796-இல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளையே கைப்பற்றினார்கள். தீவுகள் கையில் நிலைக்குமோ நிலைக்காதோ, நாற்றை எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். மழையும் நிழலும் ஈர மண்ணும் உள்ள இடம் தேடியவர்களின் கண்ணில் குற்றாலம் பட்டது.

அதன் முடிவுதான் சுவாரசியம். கிராம்பு ராஜ்யம் டச்சுக்காரருக்கும் நிலைக்கவில்லை, குற்றாலத்துக்கும் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓமான் சுல்தானின் ஆட்சியில் இருந்த சான்சிபார் அதைத் தட்டிக்கொண்டு போனது. அங்கே அடிமைகளை வைத்துப் பயிரிட்டார்கள். கூலியே இல்லாத உழைப்போடு எந்தத் தோட்டம் போட்டி போடும்? எங்களுக்கு மிஞ்சியது மலைத் தோட்டங்களில் கொஞ்சம் கிராம்பும் ஜாதிக்காயும், சீசனில் மங்குஸ்தானும்.

விலை வேறெங்கோ முடிவாவது எங்கள் பக்கத்துக்குப் பழகிய சங்கதி. செங்கோட்டை 1956 வரை மலையாளத்து ராஜ்யத்தோடு இருந்தது. அந்தப் பழைய எல்லையான பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிடப் போனால் வழியெல்லாம் மர மில்கள், ஈர மரத்தூள் வாசம். சிறுவயதில் லாரிகள் மேற்கே மலையிலிருந்து மரம் ஏற்றி வரும்; பின்னாளில் கிழக்கே தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வெளிநாட்டு மரம் வர ஆரம்பித்தது. மில் மாறவில்லை, ரம்பம் மாறவில்லை; காடுதான் மாறியது.

எங்கள் தெருவுக்குச் சோறு போட்டது பீடி. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் சுளகோடு பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். நனைத்து வைத்த இலையைத் தகட்டை வைத்துக் கத்தரிப்பது, தூள் வைத்துச் சுருட்டுவது, நூல் கட்டுவது, நுனியை மடக்கிக் குத்துவது. பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும், கண் சுளகைப் பார்க்காது. இலை மத்தியப் பிரதேசத்துக் காட்டிலிருந்து வரும். எங்கள் ஊர் கொடுத்தது விரல்களை மட்டும். சாயங்காலம் பீடிக்கடையில் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த வீட்டு அத்தை கேட்பாள்:

“ஏ மதினி, இன்னைக்கு எம்புட்டுக் கழிச்சான்?”

“அத ஏன் கேக்க, ரெண்டு கட்டு போச்சு.”

கழித்த பீடிக்குக் கூலி கிடையாது.

கூலி ஏறினால் வேலை இடம் மாறும் என்பது பீடித் தொழிலின் பழைய பாடம். 1966-இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டத்தைக் கேரளம் நடைமுறைப்படுத்தியதும், மங்களூரிலிருந்து நடந்த கணேஷ் பீடி கண்ணூரில் வேலையை நிறுத்தியது. தெருவில் நின்ற தொழிலாளிகள் 1969-இல் தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கி எழுந்தார்கள். எங்கள் பக்கம் அப்படி ஒன்று எழவில்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்து வெளியூர் அனுப்புவதுதான் எங்கள் அம்மாக்களுக்குத் தெரிந்த ஒரே தந்திரம். கடையநல்லூர்க்காரர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள், நாங்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனோம். ஊரில் தங்கிவிட்டவனை “வேல கெடைக்கலியோ?” என்று விசாரிப்பார்கள்.

அதனால்தான் 2011-இல் ஜோஹோ தென்காசியில் அலுவலகம் திறந்தபோது யாரும் பெரிதாக நம்பவில்லை. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனம் அது; 2009-இல் ஜோஹோ ஆனது. பிறகு பக்கத்துக் கிராமமான மத்தளம்பாறையில் பெரிய வளாகம் எழுந்தது. வாடிக்கையாளர் குறைகளைக் கையாளும் ‘ஜோஹோ டெஸ்க்’ என்ற மென்பொருள் இங்கே உருவாகி, 2016-இல் உலகச் சந்தைக்குப் போனது. 2019-இல் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே கலிஃபோர்னியாவை விட்டு இங்கே குடிவந்தார்.

ஊர்க்காரர்கள் இதைத் தர்மம் என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். இது நல்ல வியாபாரக் கணக்கு. சேல்ஸ்ஃபோர்ஸ், மைக்ரோசாஃப்ட் போன்றவர்களோடு விளம்பரத்தில் மோதி ஜெயிக்க முடியாது, விலையில் மோதலாம். 2017-இல் முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட செயலிகளைச் சேர்த்து, ஓர் ஊழியருக்கு மாதம் 30 டாலர் என்று ‘ஜோஹோ ஒன்’னை விற்றார்கள். அந்த விலை கட்டுப்படியாக வேண்டுமானால் செலவு ரூபாயில், அதுவும் சிற்றூர் ரூபாயில், இருப்பது நல்லது. வெளியார் முதலீடு வாங்காததால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபம் காட்டும் அவசரம் இல்லை. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தங்கள் பள்ளியிலேயே உதவித்தொகை கொடுத்துப் பழக்கிக் காத்திருக்க முடிகிறது. பெருநகரத்தில் ஆண்டுக்கொரு கம்பெனி மாறும் வயதில், வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் பையன் அவ்வளவு சுலபமாக மாறமாட்டான்.

போன சீசனில் மத்தளம்பாறைப் பக்கம் டீ குடிக்க ஒதுங்கினேன். கழுத்தில் அட்டை தொங்க இளைஞர் கூட்டம். கடைக்காரர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அமெரிக்காவுல விடிஞ்சாத்தான் அண்ணாச்சி நமக்கு ராத்திரி யாவாரம்.” வாடகை ஏறியதையும் அவரே சொன்னார். வயலாக இருந்த இடம் சென்ட் கணக்கில் விலை பேசப்படுவதையும்.

குறைந்த கூலியைத் தேடித்தான் பீடியும் வந்தது, மென்பொருளும் வந்தது. ஆனால் பீடிக்கடை எங்கள் அம்மாக்களுக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை. தூளும் இலையும் அங்கே, விலையும் அங்கே. மத்தளம்பாறையில் பழகியவனின் கையில் தொழில் இருக்கிறது. நாளை இந்தக் கம்பெனி இல்லாவிட்டாலும் அதை வைத்து அவன் இன்னொன்று தொடங்கலாம். தொடங்கவும் வேண்டும். மலிவை மட்டும் நம்பினால் இதைவிட மலிவான ஊர் ஒன்று எங்காவது கிடைத்துவிடும், கிராம்புக்குச் சான்சிபார் கிடைத்த மாதிரி. இன்னும் பத்து நிறுவனங்கள், அதில் சில எங்கள் பிள்ளைகளே நடத்துபவை, வந்தால்தான் இதை மாற்றம் என்று ஒப்புக்கொள்வேன். இப்போதைக்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொதிகையில் இடம் கிடைப்பது முன்பு போலவே குதிரைக்கொம்புதான்.