முட்டை உடைக்கும் முன்

எங்கள் வளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் அப்போது அந்த மாதிரி வளவுகள் நிறைய. ஒரே தலைவாசல், உள்ளே நீளமாக ஒரு முடுக்கு, இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாகக் கிணறு, துவைகல், முருங்கை மரம். யார் வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. காற்றே சொல்லிவிடும்.

சனிக்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியல். தலையில் வைத்த நல்லெண்ணெய் நெற்றியில் வழிந்து கண் எரிய, துவைகல் மேல் உட்கார்ந்திருப்பேன். ஆச்சி சீயக்காய்த்தூளை வடிகஞ்சியில் குழைத்துக்கொண்டிருப்பாள். அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டு டீச்சரின் மண்சட்டியில் மீன் குழம்பு கொதி வரும். எண்ணெய், சீயக்காய், புளி, மல்லி, தேங்காய், அதற்கெல்லாம் அடியில் எனக்குப் பெயர் தெரியாத இன்னொரு வாசனை. இன்றைக்கும் சீயக்காய் வாசனை பட்டால் எனக்குச் சாளை மீன் ஞாபகம்தான் வருகிறது, இத்தனைக்கும் சாளையை நான் தின்றதே இல்லை. ஒருநாள் மூக்கைப் பொத்தினேன். ஆச்சி எண்ணெய்க் கையாலேயே என் கையைத் தட்டிவிட்டாள். “அடுத்த வீட்டுல குழம்பு கொதிக்கையில மூக்கப் பொத்தப்படாதுல. அதுவும் சோறுலா.”

டீச்சர் குடும்பத்துக்கு வீடு விட இதே ஆச்சிக்கு முதலில் மனசில்லையாம். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை, அம்மா சொல்லித்தான் தெரியும். ஆச்சி தன் பக்கத்துக்கு வள்ளுவரைக் கூப்பிட்டிருக்கிறாள், புலால் மறுத்தல் என்று அவரே சொல்லியிருக்கிறாரே என்று. தாத்தா திருக்குறளைத் தினமும் படிக்கிறவர். புத்தகத்தை எடுத்துவந்து பக்கம் புரட்டிக் காட்டினாராம். விருந்தோம்பல் 9-ஆம் அதிகாரம், இல்லறவியலில் இருக்கிறது. புலால் மறுத்தல் 26-ஆம் அதிகாரம், துறவறவியலில் இருக்கிறது. “நீயும் நானும் இப்பம் எந்த இயல்ல இருக்கோம்? அதச் சொல்லு.” மறுநாளே டீச்சர் வீட்டுச் சாமான்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்கிவிட்டன. தாத்தா கடைசிவரை சைவம்தான். வெள்ளி, செவ்வாய் வெங்காயம்கூடத் தொடமாட்டார். ஆனால் தன் இலையில் என்ன விழ வேண்டும் என்பதைத்தான் அவர் பார்த்தார். அடுத்தவர் இலையை எட்டிப் பார்த்ததில்லை.

டீச்சர் கிணற்றடியில் மீன் கழுவமாட்டார். அவர்கள் வீட்டுப் பின்வாசலில், அதற்கென்றே ஒரு நெளிந்த அலுமினியச் சட்டி. செதிளும் குடலும் சாம்பலோடு குழிக்குள் போய்விடும், பூனைகூட ஏமாந்து திரும்பும். கழுவின தண்ணீரை மட்டும் முடுக்கு ஓரமாகக் கொண்டுவந்து ஆச்சி வைத்த கறிவேப்பிலை மூட்டில் ஊற்றுவார். அது கன்றாக இருந்து மரமாகவே ஆகிவிட்டது. நீளநீளமாக ஈர்க்கு, கரும்பச்சை இலை, ஒடித்தால் வளவு முழுக்க மணக்கும். ஆச்சிக்கு விஷயம் தெரியாது என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டு, “டீச்சர், கருவேப்பிலை கொஞ்சம் வாடுத மாதிரி இருக்கு” என்றாள். “நாளைக்குப் பாத்துக்கிடுதேன் ஆச்சி” என்றார் டீச்சர். அவ்வளவுதான் பேச்சு.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போதே டீச்சர் வீட்டில் பலகார அடுப்பு மூட்டிவிடுவார்கள். முந்திரிக்கொத்தில் சிக்கல் இல்லை. சிறுபயறும் கருப்பட்டியும்தானே. அச்சுமுறுக்குக்கு மாவு கரைக்கையில் முட்டை சேரும். அங்கேதான் நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். டீச்சர் அரிசி மாவு, தேங்காய்ப்பால், சீனி, எள் எல்லாம் போட்டுக் கரைத்ததும் முட்டைகளைத் தொடாமல் ஒரு செம்பு மாவைத் தனியே மோந்து வைப்பார். புது எண்ணெய், காய்ந்த அச்சு, முதல் ஈடு. அந்த மாவு அச்சைவிட்டு லேசில் கழன்று வராது. ஈர்க்குச்சியால் விளிம்பைச் சுற்றி நெம்பி, விரல் சுட்டுக்கொண்டு, பூ உடையாமல் எடுப்பார். அது எங்கள் வீட்டுக்கு. அதன் பிறகுதான் முட்டை உடையும். “இவ்வளவு பாடு எதுக்கு டீச்சர், ஆச்சி ஒண்ணும் கேக்கமாட்டா” என்றேன் ஒருதரம். “கேக்கமாட்டாவன்னுதாம்ல நான் பாத்துச் செய்ய வேண்டியிருக்கு” என்றார் கரண்டியைத் திருப்பிக்கொண்டே.

பாத்திரமும் அவர்களுடையதாக இருக்காது. முந்தின நாள் அவர்கள் மகன் வந்து எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கை வாங்கிக்கொண்டு போவான். அவர்கள் ஏனத்தில் குழம்பு புழங்கியிருக்கும், ஆச்சி மனசு ஒப்பாது என்று டீச்சரே கண்டுபிடித்த ஏற்பாடு. ஆச்சிக்கு அதில் வேறு சங்கடம். வெறும் தூக்கை எப்படி ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவது? நாலு எலுமிச்சம்பழமோ இரண்டு வட்டு கருப்பட்டியோ உள்ளே கிடக்கும். அந்தத் தூக்கு வெறுமையாய் முடுக்கைக் கடந்ததை நான் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு மறுநாள் டீச்சர் வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு. ஆச்சி அன்றைக்குச் சொதி வைப்பாள். மூன்று தரம் தேங்காய்ப்பால் எடுத்து, கடைசிப் பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் வேகவைத்து, பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்த்து, தலைப்பாலை ஊற்றி நுரை கட்டுகிறபோதே இறக்கி, ஆறவிட்டு எலுமிச்சை பிழிவாள். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். வந்தவர்களிடம் “உங்களுக்கு இதெல்லாம் எங்க காணப்போகுது” என்று ஒரு வார்த்தை வராது. அப்படிச் சொல்வது அவர்கள் தின்கிற சோற்றைச் சொல்லிக்காட்டுகிற மாதிரி என்பாள். டீச்சரும் வெறும் மரியாதைக்குச் சாப்பிடமாட்டார். மூன்றாவது தரம் கேட்டு வாங்குவார்.

மக்ரூன் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் தூத்துக்குடியிலிருந்து வரும்போது ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிவந்தார். வெள்ளை வெளேரென்று, கூம்பாக, வாயில் வைத்ததும் கரைந்து கடைசியில் முந்திரிப்பருப்பு மட்டும் நெறுநெறுவென்று நிற்கும். பல் போன ஆச்சிக்கு அது தேவாமிர்தம். இரண்டு தின்றுவிட்டு மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருந்தபோது டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்தார். ஆச்சி அவருக்கும் ஒன்று நீட்டினாள். “என்ன மாவுல செய்யுதாவ டீச்சர் இத?”

டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. குடையை மடக்கினார், கைப்பையைத் திண்ணையில் வைத்தார், ஆச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, “உள்ள போயி ஆச்சிக்கு ஒரு செம்பு தண்ணி கொண்டா” என்றார். நான் போகிற மாதிரி போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். “மாவு இல்ல ஆச்சி. சீனியும் முந்திரிப்பருப்பும், முட்டையோட வெள்ளைக்கருவும். நீங்க கேட்டதுனால சொல்லுதேன்.”

ஆச்சி கத்தவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் மூன்று தரம் கொப்புளித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, மீதிப் பொட்டலத்தை அப்படியே சுருட்டி டீச்சர் மடியில் வைத்தாள். “பிள்ளைகளுக்குக் குடுங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள், நான் கதவுக்குப் பின்னால் இருப்பது தெரிந்துதான். “ஏல, அந்த மாமாகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது, கேட்டியா? ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான்.”

அவர் அதன் பிறகும் வந்தார், ஒவ்வொரு தடவையும் மக்ரூனோடு. ஆச்சி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “எதுக்குய்யா இம்புட்டு” என்பாள். அவர் தெருமுனை திரும்புவதற்குள் பொட்டலம் எதிர்வீட்டுக்குப் போய்விடும். நானும் பின்னாலேயே போய் டீச்சர் வீட்டு நடையில் நிற்பேன். தருவார்களா மாட்டார்களா என்று டீச்சர் மகன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிற என்னை இப்போது நினைத்தாலும் பிரியமாக இருக்கிறது. டீச்சர் எனக்கு முந்திரிப்பருப்பு தருவார். மக்ரூன் ஒருநாளும் தந்ததில்லை.

இதையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டின் பின்கட்டில், முருங்கை மரத்தடிச் சுவரில், ஓர் ஆணியில் ஒரு பித்தளைத் தம்ளர் தனியாகத் தொங்கியது. தோட்ட வேலைக்கு வருகிறவருக்கு அதில்தான் காபித்தண்ணி, அதுவும் உயரத் தூக்கி ஊற்றுவார்கள். டீச்சருக்காகத் தூக்குச்சட்டி வரை யோசித்த வீட்டில் அந்த ஆணியைப் பிடுங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குச் சைவத்தைக் காரணம் சொன்னார்கள். காரணம் சாதி. இன்றைக்குச் சென்னையில் வாடகைக்கு வீடு தேடும்போது வாசலில் ‘சைவம் மட்டும்’ என்று எழுதியிருப்பதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்தத் தம்ளர்தான் கண்ணில் வருகிறது. தாத்தா புரட்டிக் காட்டிய பக்கத்தை அப்படி எழுதியவர்களுக்கும் யாராவது புரட்டிக் காட்ட வேண்டும் என்று கோபம் வருகிறது.

டீச்சரின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் டீச்சரின் வீட்டுக்காரர் முதலில் வந்து கேட்டது, நல்ல தவசிப்பிள்ளையாக ஓர் ஆள் வேண்டும் என்பதுதான். மண்டபத்தின் ஒரு பக்கம் பிரியாணி, மறுபக்கம் சைவப் பந்தி. தனிக் கொட்டகை, தனி அடுப்பு, தேங்காய் துருவுகிற துருவலகுகூட வேறு. வெளியில் எங்கேயும் கை நனைக்காத ஆச்சி அன்றைக்கு முதல் பந்தியில், தாத்தாவுக்குப் பக்கத்தில், இலை முன்னால் உட்கார்ந்தாள். சொதி வந்தது. ஒரு வாய் வைத்தவள் முகம் மாறியது. கையைக் கழுவிவிட்டு நேராக ஆக்குப்புரைக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

“தலைப்பால் ஊத்தின பெறவு கொதிக்க விடலாமாவே? திரிஞ்சுல்லா போயிருக்கு! நம்ம வீட்டுக் கல்யாணத்துல இப்படிப் பேரக் கெடுத்துட்டீரே!”

சத்தம் கேட்டுப் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டீச்சர் ஓடிவந்தார். ஆச்சி அவரைப் போய் மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்கச் சொல்லி அனுப்பிவிட்டாள். இரண்டாவது பந்திக்குச் சொதி இறங்குகிறவரை அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவளே உட்கார்ந்திருந்தாள்.