பிடி அரிசியும் கூலிக் கணக்கும்

கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவரின் பூஜை அறை வாசலில், மூடியிட்ட பித்தளைத் தூக்கு ஒன்று எப்போதும் இருக்கும். அன்றாடம் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து, இறைவன் திருநாமத்தைச் சொல்லி அதில் இட்ட பிறகே அவர் சமையலைத் தொடங்குவார். காஞ்சி மகா பெரியவர் அருளிய பிடி அரிசித் திட்டத்தைத் தம் தாயார் கைக்கொண்டதைக் கண்டு வளர்ந்தவர் அவர். அமாவாசைதோறும் அந்த அரிசி கோயில் அன்னதானக் கூடத்துக்குப் போய்ச் சேரும். முப்பது ஆண்டுகளில் ஒரு நாளும் தவறியதில்லை. அதில் அவருக்குச் சற்றுப் பெருமிதமும் இருந்தது.

அந்தப் பெருமிதம் வடலூரில் கரைந்தது.

ஒரு தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் நீங்கச் சோதி தரிசனம் கண்டு, தருமசாலையில் பந்தியில் அமர்ந்தார். பக்கத்தில் ஒரு மூதாட்டி. வெயிலில் கறுத்த கைகள். விரல்களில் அரிவாள் பட்ட தழும்புகள்.

"எந்த ஊர் அம்மா?" என்று ஆசிரியை கேட்டார்.

"விருத்தாசலம் பக்கம் தாயி. அறுப்பு முடிச்ச கையோட வந்துட்டேன்."

"அப்படியானால் வீட்டில் புது நெல் வந்திருக்குமே?"

மூதாட்டி சிரித்தார். "அறுக்கிற நெல்லெல்லாம் எங்க வீட்டுக்கா வருது? கூலியிலயும் ஆயிரம் கணக்குச் சொல்லிப் பிடிச்சுக்குவாங்க. வள்ளலார் வீட்டுலதான் யாரும் கணக்குப் பாக்காமப் போடுறாங்க."

சொல்லிவிட்டு அவர் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து உண்ணத் தொடங்கினார். ஆசிரியைக்குக் கவளம் இறங்கவில்லை.

வள்ளல் பெருமான் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அத்தருமசாலையைத் தொடங்கினார். அன்று அவர் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. சாதி, சமயம், ஊர் எதுவும் கேளாமல் பசித்தவர் என்ற ஒன்றையே தகுதியாகக் கொண்டு அங்கே அன்னம் இடப்படுகிறது. பசி போக்குதலை வழிபாட்டின் ஓர் உறுப்பாக மட்டும் அவர் கருதவில்லை. சீவகாருணியமே இறைவன் அருளைப் பெறும் வழி என்று போதித்தார்.

திரும்பும் வழியில் பேருந்துச் சன்னலோரம் அமர்ந்திருந்த ஆசிரியையின் மனத்தில், தாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திய பாடம் ஒன்று வந்து நின்றது. தருமசாலை தோன்றிப் பத்தாண்டுகள் நிறைவதற்குள், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அதே நாட்களில் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறியது. பஞ்ச நிவாரணப் பணியில் கல் உடைத்தவர்களுக்கான கூலி, 1877இல் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதனுடன் சிறிதளவு காசு எனக் குறைக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென்னும், 1981இல் வெளிவந்த தம் நூலில், உணவு இருந்தும் அதைப் பெறும் வலிமை ஏழைக்கு இல்லாமற்போனதையே சுட்டிக் காட்டினார். உலகில் பல நாடுகளில், களஞ்சியம் நிறைந்திருக்க அடுப்பு அணைந்திருக்கும் வீடுகள் உண்டு.

இதையெல்லாம் மாணவியருக்குக் கற்பித்தவர்தாம் அவர். தம் வீட்டு வாசலோடு அதைச் சேர்த்துப் பார்த்ததில்லை.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அப்போது நினைவுக்கு வந்தார். நிலமற்ற எளிய குடும்பத்தில் 1926இல் பிறந்து, அருட்பெருஞ்சோதியை நெஞ்சில் ஏந்தி வாழ்ந்த அம்மையார் அவர். கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அக்கொடுமைக்குப் பின் கிருஷ்ணம்மாளும் அவர் கணவரும் கீழத்தஞ்சையையே தங்கள் பணிக்களம் ஆக்கிக்கொண்டனர். 1981இல் 'லாஃப்டி' என்னும் இயக்கத்தைத் தொடங்கி, நிலவுடைமையாளரிடம் பேசி விலைக்கு நிலம் பெற்று, குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கராக ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தனர். 2008இல் இருவருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது வழங்கப்பட்டது. அன்னமிடுவதோடு நில்லாமல், உழுதவள் அடுப்பு அவள் நெல்லாலேயே எரியவேண்டும் என்று கருதியது அவர்களின் கருணை.

வீடு திரும்பிய ஆசிரியை, அலமாரியிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். பதினொரு ஆண்டுகளாக அவர் வீட்டில் பாத்திரம் துலக்கித் துணி துவைக்கும் பெண்ணின் சம்பளக் கணக்கு அது. வராத நாட்களில் சிவப்பு மையால் ஒரு புள்ளி. மாத இறுதியில் அதற்கேற்பப் பிடித்தம். மகளுக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாள், மாமியார் இறந்த ஐந்து நாள், அடைமழையில் குடிசை ஒழுகிய இரண்டு நாள் என எல்லாம் புள்ளிகளாக இருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு 41 புள்ளிகள். தாம் விடுப்பெடுத்த நாட்களுக்கும் முழுச் சம்பளம் பெற்று ஓய்வு பெற்றவர், அன்றிரவு நெடுநேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, பிடித்த பணம் முழுவதையும் எண்ணி ஓர் உறையில் இட்டு அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் முகம் வெளிறிவிட்டது.

"கணக்கு முடிக்கிறீங்களாம்மா? நான் என்ன தப்புப் பண்ணேன்?"

பணத்தைக் கொடுத்தால் வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள் என்றே அவளுக்குப் பொருள்பட்டது. விளக்கிச் சொல்லி நம்பவைக்க ஆசிரியைக்கு அரை மணி நேரம் ஆயிற்று. இனி மாதம் நான்கு நாள் சம்பளத்தோடு விடுப்பு, நோய் வந்தால் அதற்கு மேலும் உண்டு, ஆண்டுதோறும் ஊதிய உயர்வு, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் என்று அந்தக் குறிப்பேட்டிலேயே எழுதிக் கையெழுத்திட்டார்.

செய்தி தெருவில் பரவியது. விளக்குப் பூஜைக்குக் கூடிய தோழியருள் ஒருவர் வெளிப்படையாகவே வருந்தினார்: "தானம் செய்யுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? சம்பளத்தை ஏற்றினால் எங்கள் வீட்டிலும் கேட்பார்களே!"

"நாம் தானமாகக் கொடுப்பதற்கு முன்னால் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்" என்று ஆசிரியை மெல்லச் சொன்னார். இரண்டு வீடுகளில் விடுப்புச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. வேறு சில வீடுகளிலிருந்து வெற்றிலை பாக்குக்கு அழைப்பு வருவது நின்றது. நாற்பது ஆண்டு நட்பு ஒன்றும் அவற்றுள் அடங்கும். அந்த வருத்தம் அவருக்கு இன்றும் ஆறவில்லை.

பித்தளைத் தூக்கில் பிடி அரிசி இன்றும் நாள்தோறும் விழுகிறது. அதனருகே இப்போது அந்தக் குறிப்பேடும் இருக்கிறது. மூன்று ஆண்டுகளின் கணக்கு மட்டுமே அதில் உண்டு. அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளின் ஏடுகள் பழைய தாளோடு எடைக்குப் போய்விட்டன. அவற்றில் எத்தனை புள்ளிகள் இருந்தன என்பது அவருக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கும் நினைவில்லை. விளக்கேற்றிக் கைகூப்பும் வேளையில் அவர் இப்போது இறைவனிடம் வரம் எதுவும் கேட்பதில்லை. அந்த எட்டு ஆண்டுகளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.