பார்க்க ரங்கூன், இருக்கச் சிரியம்

எம்மவர் இருவர் கல்யாண மண்டபத்தில் சந்தித்தால் நலம் விசாரித்து முடிந்ததும் அடுத்ததாக வருவது வீட்டுக் கதைதான். ஸ்காபரோவிலேயே இருந்துவிடுவதா, ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கத்துக்குப் போய்விடுவதா? கடையும் கோயிலும் கிட்ட என்பது ஒரு கட்சி. பாடசாலை நல்லது, காணி பெரிது என்பது மறு கட்சி. எமது வீட்டிலும் இந்த வழக்குப் பல ஆண்டுகளாகத் தீர்ப்பின்றிக் கிடக்கிறது. எமது பாட்டனார் காலத்தில் அது வேறு இரண்டு ஊர்களைப் பற்றிய வழக்காக இருந்தது. அவர் தீர்ப்பும் சொல்லிவிட்டே போனார்: "பார்க்க ரங்கூன், இருக்கச் சிரியம்."

பாட்டனார் 1929 முதல் சிரியத்தில் பர்மா எண்ணெய்க் கம்பனியின் சுத்திகரிப்பு ஆலையில் லிகிதராக இருந்தவர். பெண்சாதி பிள்ளைகளை ஊரில் விட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை வந்து போனவர். சனிக்கிழமைகளில் ஆற்றைக் கடந்து ரங்கூனுக்குப் போய்ச் சினிமாப் பார்த்து, கடைத்தெருவில் உலாவிவிட்டு இரவுக்குள் திரும்பிவிடுவாராம். ரங்கூனிலேயே அறை எடுத்திருக்கலாமே என்று கேட்போருக்கு வாடகையைச் சொல்வார், தண்ணீரைச் சொல்வார். கடைசியில் ஒன்று சொல்வார்: "ரங்கூனில் நீ ஆரென்று ஒருத்தருக்கும் தெரியாது. சிரியத்தில் தெரியும்." எமக்குப் பதின்மூன்று வயதில் அவர் காலமானார். அவர் கொண்டுவந்த அரக்குப் பெட்டியில் எமது தாயார் ஊசி நூல் வைத்திருந்தார். 1995இல் அதுவும் வீட்டோடு போயிற்று.

2019 ஜனவரியில் சிங்கப்பூர் வழியாக நாம், துணைவியார், பதினேழு வயது மகன் ஆகிய மூவரும் அங்கே போனோம். ரங்கூனுக்கு இப்போது யங்கோன் என்றும் சிரியத்துக்குத் தன்லின் என்றும் பெயர். 1989இல் அரசு மாற்றியது. ஆயினும் அங்குள்ள முதிய தமிழர்கள் எம்மிடம் பழைய பெயர்களையே சொன்னார்கள். நாமும் இங்கே இரண்டையும் கலந்தே எழுதுகிறோம், வாசகர் பொறுத்தருள்க.

பார்க்க ரங்கூன் என்பதில் எமக்கு ஐயமில்லை. 1852இன் பின் ஆங்கிலேயர் சூலே பகோடாவை நடுவில் வைத்து, கோடு கிழித்தாற்போல் வீதிகளை அமைத்தனர். அந்தக் கட்டங்களுக்குள் எல்லாச் சாதி சனங்களின் கோயில்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. சூலேயின் அருகிலேயே பள்ளிவாசலும் கிறித்தவ தேவாலயமும் உண்டு. சற்று மேற்கே யூதர்களின் தொழுகை மண்டபம். கொன்செய்தான் வீதியில் 1871இல் தமிழர் கட்டிய காளி கோயிலின் கோபுரத்தைக் கண்டதும் துணைவியார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கோயில் வாசல் இன்னும் அரைக்கட்டைத் தூரத்தில் இருந்தது.

1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ரங்கூனின் சனத்தொகை 4,00,415. அவர்களில் 2,12,929 பேர் இந்தியர். பாதிக்கு மேல்! துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் உழைத்தோர் தெலுங்கரும் தமிழரும். மொகல் தெருவில் செட்டிமார் கிட்டங்கி வைத்து வட்டிக்குக் கொடுத்தனர். விலை வீழ்ந்த முப்பதுகளில் கடன் மூழ்கியதால் கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் நாலில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்தது. வயலை இழந்தவன் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை எமது மக்கள் யோசிப்பது குறைவு. 1930இலும் 1938இலும் கலவரங்கள் நடந்தன. 1941 டிசம்பரில் யப்பானியர் குண்டு போட்டதும் இலட்சக்கணக்கானோர் காடு மலை கடந்து அசாமுக்கு நடந்தார்கள். வழியில் மாண்டோர் பல்லாயிரம். எஞ்சியோரையும் 1962இல் ஆட்சியைப் பிடித்த இராணுவம் விட்டுவைக்கவில்லை. 1964இல் கடைகள் அரசுடைமையாயின, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதனவாயின. சுமார் மூன்று இலட்சம் பேர் கப்பலேறினர். சென்னைப் பர்மா பசாரில் சாமான் வாங்கிய எம்மவர் பலர் உண்டு. அந்தப் பெயர் எப்படி வந்ததென்று கேட்டவர் சிலரே.

மொகல் தெரு இன்று ஷ்வே பொந்தா வீதி. அங்கே நின்று எந்தக் கட்டடத்தில் கிட்டங்கி இருந்தது என்று தமிழில் இரண்டு மூன்று பேரிடம் கேட்டோம். முகத்தைப் பார்த்தால் எமது மைத்துனர்மாராக இருக்கலாம். கன்னத்தில் தனக்காச் சந்தனம், இடுப்பில் லோஞ்சி. பர்மிய மொழியில் பதில் வந்தது. ஒருவர் மட்டும் வெட்கத்தோடு சிரித்து, "தமில் கொஞ்சம்" என்றார். தேநீர்க் கடையில் தோசைக்கு 'தோஷே' என்று பெயர். உணவு மொழியைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும் போலும். எமது மகனுக்கு இவ்வூர் மிகவும் பிடித்துக்கொண்டது. இளைஞர் பலருக்கு ஓரளவு ஆங்கிலம் தெரிந்திருந்தது. எவரும் அவனிடம் தமிழை எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் தன்லினுக்குப் புறப்பட்டோம். பாட்டனார் படகில் கடந்த பெகு ஆற்றுக்கு மேலாக 1993இல் சீனரின் உதவியுடன் கட்டிய பாலம் இருக்கிறது. நடுவே புகையிரதப் பாதை, இரு பக்கமும் வாகனப் பாதை. ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் நீளம். பாதித் தூரம் போனதும் துணைவியார் எமது கையைப் பிடித்தார். ஏன் என்று நாம் கேட்கவில்லை. 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழையில், நாவற்குழிப் பாலத்தில் யாழ்ப்பாணம் முழுவதும் நெருக்குண்டு நின்றபோது நாமும் அதற்குள் நின்றோம். எமது வகுப்பு மாணவன் ஒருவன் சைக்கிளில் தன் பேத்தியாரை வைத்து உருட்டிக்கொண்டு வந்தவன், அந்த இடிபாட்டிலும் எம்மைக் கண்டதும் "வணக்கம் சேர்" என்றான். வாடகைக் கார்ச் சாரதிக்கு இவையெல்லாம் தெரியாது. வேகமாகவே ஓட்டினார்.

இரண்டு ஊர்களுக்கும் பழைய பகை ஒன்று உண்டு. அதனை நாம் சொல்லியே ஆகவேண்டும், வரலாறு படிப்பித்த வாய் சும்மா இராது. பெரிய துறைமுகமாக முதலில் விளங்கியது சிரியம்தான். பிலிப் டி பிரித்தோ என்ற போர்த்துக்கேயன் அதனைப் பிடித்துத் தனி ராச்சியம்போல் ஆண்டான். 1613இல் பர்மிய மன்னன் அனௌக்பெத்லுன் முற்றுகையிட்டு அவனைக் கழுவேற்றினான். யாழ்ப்பாணத்தை 1619இல் விழுங்கிய அதே போர்த்துக்கேயர் ஆறு ஆண்டுகளுக்கு முன் இங்கே தோற்றிருந்தார்கள் என்பதை நாம் ஒருநாளும் மாணவருக்குச் சொன்னதில்லை, பாடப்புத்தகத்தில் இருக்கவில்லை. சிறைபிடிக்கப்பட்டோரை மன்னன் வடக்கே குடியேற்றினான். அவர்களின் வழித்தோன்றல்களான பாயின்ஜிகள் நானூறு ஆண்டுகளின் பின்னும் கத்தோலிக்கர். பேசுவது பர்மிய மொழி. வேதம் நின்றது, பாஷை போய்விட்டது.

பின்னர் 1755இல் அலௌங்பயா மன்னன் தகோன் என்ற சிற்றூரைக் கைப்பற்றி, 'பகை முடிந்தது' என்ற பொருளில் யங்கோன் என்று பெயரிட்டான். மறு ஆண்டு சிரியத்தை அழித்தான். துறைமுகம் ஆற்றின் அக்கரைக்குப் போயிற்று. பகை முடிந்த ஊரில் அதன்பின் நடந்தவற்றை வாசகர் அறிவர்.

தன்லினில் ஓர் உல்லாசப் பயணி பார்க்கக்கூடியவை சொற்பம். குன்றின்மேல் சையிக்கவுக் பகோடா, பதினெட்டாம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றின் இடிந்த செங்கற் சுவர், சந்தை. யங்கோன் நகருக்குள் தடைசெய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் இங்கே தாராளமாக ஓடின. பாட்டனாரின் ஆலையை வெளியில் நின்று பார்த்தோம். 1942 மார்ச்சில் யப்பானியர் கையில் விழாதிருக்க ஆங்கிலேயர் தாமே கொளுத்திவிட்டுப் போன ஆலை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே பாட்டனார் கப்பலேறிவிட்டார். இருந்ததில் பெரும்பகுதி பின்னர் கட்டியதுதான். அரைமணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. மகன் கைபேசியை எடுத்துவிட்டான்.

அம்மன் கோயிலை விசாரித்துப் போனோம். வாசலில் இருந்த முதியவர் எம்மைக் கண்டதும் எழுந்து, "வாங்கய்யா, எந்த ஊரு?" என்றார். சோழநாட்டுத் தமிழ், சற்றே பர்மிய இராகத்தோடு. அவருடைய பாட்டனார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். தாமும் அந்த ஆலையிலேயே வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவருக்குப் பெயர் இரண்டு. ஒன்று வீட்டுக்கு, மற்றது அரசாங்கத்துக்கு. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை அவர் அட்டையின் நிறத்தைக்கொண்டே எமக்கு விளக்கினார்: முழுக் குடிமகனுக்கு ரோசா, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே பச்சை. நாமும் கனடாவில் எத்தனை நிறக் கடதாசிகளைத் தாண்டி வந்தோம் என்பதைச் சொன்னோம். சிரித்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோயில் மண்டபத்தில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தமிழ் படித்துக்கொண்டிருந்தனர். படிப்பித்த பெண்பிள்ளைக்குச் சம்பளம் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூலின் பிரதிகள், அதுவும் இரண்டு பேருக்கு ஒன்று. பழைய பழக்கத்தில் கொப்பிகளை வாங்கிப் பார்த்தோம். பர்மிய எழுத்துகள் வட்ட வட்டமானவை. அவற்றை எழுதிப் பழகிய பிஞ்சு விரல்கள் எமது ககரத்தையும் உருட்டியே எழுதியிருந்தன. ஆனால் ழகரம், ளகரம் எங்கும் பிழைக்கவில்லை. எமது முப்பது ஆண்டுக்கால அனுபவத்தில் இவ்வளவு பிழை குறைந்த கொப்பிகளை ரொறன்ரோவில் கண்டதில்லை. இதை எழுதும்போது சில பெற்றோர் எம்மோடு கோபிப்பார்கள் என்பது தெரியும். எமது வீட்டிலிருந்தே தொடங்குகிறோம்.

முதியவரின் பேரன், பன்னிரண்டு வயதுப் பையன், எமது மகனருகே வந்து அமர்ந்தான். "அண்ணே, உங்க ஊர்ல பனி பெய்யுமா?" என்றான். மகன் சிரித்தான். "அண்ணே, நீங்க எத்தனாவது படிக்கிறீங்க?" மகன் மறுபடியும் சிரித்துத் தலையை ஆட்டினான். பையன் மூன்றாவதாக ஏதோ கேட்டான். பிறகு எழுந்து எம்மிடம் வந்து, தணிந்த குரலில், மிகுந்த இரக்கத்தோடு கேட்டான்:

"ஐயா, அண்ணனுக்குக் காது கேக்காதா?"

துணைவியார் எழுந்து கோயிலின் பின்பக்கம் போய்விட்டார். தமிழாசிரியராக அல்லாவிட்டாலும் தமிழில் படிப்பித்தே வயிறு வளர்த்த நாம், "அண்ணாவுக்குத் தடிமன், தொண்டை கட்டியிருக்கிறது" என்று அந்தப் பிள்ளையிடம் பொய் சொன்னோம். ஸ்காபரோவில் கோயில் ஐந்து நிமிடத் தூரம், தமிழ்க் கடை மூன்று நிமிடத் தூரம், சனிக்கிழமை வகுப்பு இலவசம். இரண்டு வேலை செய்த காலத்தில் அவனை அங்கே கொண்டுபோக ஆளில்லை. பிறகு அவன் வர மறுத்தான். காரணங்கள் எல்லாம் உண்மையானவை. எனினும் அந்தப் பையனிடம் அவற்றைச் சொல்ல வாய் வரவில்லை.

வெளிநாட்டவர் வீடுகளில் இரவு தங்க அனுமதியில்லாததால் அதன்பின் நான்கு நாட்களும் காலையில் பாலத்தைக் கடந்து தன்லினுக்குப் போய் மாலையில் யங்கோனுக்குத் திரும்பினோம். பாட்டனாரின் பயணம் தலைகீழாயிற்று. சந்தையில் மூன்றாம் நாளே "கனடா ஐயா" என்று கூப்பிட்டார்கள். மீன் விற்ற பர்மியப் பெண் துணைவியாரின் கன்னத்தில் தனக்கா பூசிவிட்டாள். சேலையும் பொட்டும் கண்டு எவரும் முகம் சுளிக்கவில்லை. பிக்குமாரைக் கண்டால் உள்ளே எதுவோ இறுகும் எமக்கு. அந்த ஊரில் அது கொஞ்சம் தளர்ந்தது. இருக்கச் சிரியந்தான் என்று நாமும் தீர்ப்பெழுதிக்கொண்டு திரும்பினோம்.

2021 பெப்ரவரி முதலாம் திகதி இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. இரவுத் தங்கலைப் பதியும் பழைய விதி திரும்பி வந்தது. வட்டார அலுவலகத்தார் இரவில் கதவைத் தட்டி ஆட்களை எண்ணலாயினர். 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்களுக்குப் பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயது. பட்டியல் தயாரிப்போர் அதே வட்டாரத்தார்தாம். பெரியவர் தொலைபேசியில் சொன்னார்: "ரங்கூன்ல பெரிய கட்டடம், எந்த மாடியில எந்தப் பையன்னு தேடணும். இங்கதான் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமேய்யா." அண்டை வீட்டுப் பர்மியர்தாம் முதலில் வந்து எச்சரித்தாராம், "உன் பேரனுக்கு அடுத்த வருடம் பதினெட்டு, நினைவிருக்கிறதா?" என்று. சிரியத்தைப் பற்றிப் பாட்டனார் சொன்ன அந்தக் கடைசிக் காரணம் இவ்வாறு ஒரு பயனுக்கும் வரும் என அவர் கருதியிரார்.

பையன் இப்போது மலேசியாவில், பினாங்கில், ஓர் உணவுக்கடையில் பாத்திரம் கழுவுகிறான். முதலாளி தமிழர். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அங்கே சோறு போடுகிறது என்று பெரியவர் எமக்குச் சொன்னபோது அது பெருமையா துக்கமா என்று குரலில் தெரியவில்லை.

எமது மகனுக்கு இவ்வளவையும் ஆங்கிலத்தில்தான் விளக்கினோம். கேட்டுக்கொண்டிருந்தவன் பையனின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக் குறித்துக்கொண்டான். மறுநாள் குசினிக்கு வந்து தாயிடம், "'எப்படி இருக்கிறாய்' என்று கேட்டால் சரியா, 'இருக்கிறீர்' என்றா கேட்க வேண்டும்?" என்று விசாரித்தான். இன்னும் எடுக்கவில்லை.