தரிசு என்னும் சொல்

கமுதியில் 2016இல் தொடங்கப்பட்ட சூரிய மின்நிலையத்தின் திறன் 648 மெகாவாட். பரப்பு ஏறத்தாழ 2,500 ஏக்கர். நிலக்கரிப் புகையினும் இது நன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. தமிழாசிரியனாகிய என்னை உறுத்துவது, இத்தகைய திட்டங்களுக்கு நிலம் தேடுகையில் எளிதாகப் புழங்கும் ஒரு சொல்: தரிசு.

வருவாய்ப் பதிவேட்டில் தரிசாகக் கிடப்பது கீதாரிக்கு மேய்ச்சல். மழைநீருக்குக் கண்மாய் செல்லும் வழி. ஏழை வீட்டு அடுப்புக்கு விறகு. இவ்விழப்புகளை எவர் கணக்கிடுவது? 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, சூரியஒளி மின்திட்டங்களுக்கும் காற்றாலைகளுக்கும் முன் அனுமதியைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே அவ்வறிவிக்கையின்படி மக்கள் கருத்துக் கேட்பும் இல்லை. பட்டா உள்ளவரிடம் விலை பேசுகிறார்கள். பட்டா இல்லாத கீதாரியிடம் எவரும் பேசுவதில்லை.

மின்சாரம் வரட்டும். வேலி போடுமுன் அவரிடமும் ஒரு சொல் கேட்கலாம் அல்லவா?