முன்பணமும் நியாயமும்

ஆடையில் தொங்கும் சீட்டில் ‘நியாய வணிகம்’ என்று அச்சிட்டிருந்தால் அதன் பொருள் யாது? பருத்தியின் தூய்மையையே பலரும் எண்ணுகின்றனர். நாமோ, பணம் எப்பொழுது கைமாறுகிறது என்பதையே முதற்கண் நோக்க வேண்டுமெனக் கருதுகிறோம்.

வழக்கமான ஆடை வணிகத்தில் பெருநிறுவனம் ஆர்டர் மட்டுமே தரும். துணிக்கும் கூலிக்கும் தொழிற்சாலையே கடன்பட வேண்டும். சரக்குக் கப்பலேறிப் பல வாரங்கள் கழித்தே பணம் வந்து சேரும். 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது, வங்காளதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்தி வைக்கப்பட்டன. தைத்து முடித்த ஆடைகளும் அவற்றுள் அடங்கும். கைவிரித்தவர் கடல் கடந்த வணிகர். வேலையிழந்து வாடியவரோ தையற்பெண்கள்.

உலக நியாய வணிக அமைப்பின் விதி வேறு. கைவினைப் பொருள் செய்வோர் கேட்டால், குறைந்தது பாதி விலையை வட்டியின்றி முன்பணமாகக் கொடுத்தல் வேண்டும். சபியா மின்னி ஜப்பானில் தொடங்கிய பீப்பிள் டிரீ நிறுவனம் இவ்வாறு முன்பணம் தந்தே ஆடைகளை வாங்கியது. இம்முறையில் வணிகரின் முதல் பல மாதங்கள் முடங்கும். ஆடையின் விலையும் சற்று ஏறும். ஆயினும், நட்டத்தின் சுமை எளியவர் தலையில் மட்டும் விழாது.

விழாவுக்குப் புத்தாடை தைக்கக் கொடுக்கும் நாளிலேயே பாதிக் கூலியைத் தையற்காரர் கையில் கொடுப்பது நம் இல்லத்து வழக்கம். அவரும் நூலையும் பொத்தானையும் கடனின்றி வாங்குகிறார். இந்நியாயத்துக்குச் சீட்டும் வேண்டா, முத்திரையும் வேண்டா.